மானுக்கு எந்தத் துப்பாக்கி

இந்த ஊரில் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத் துப்பாக்கியை உள்ளே கொண்டுவருகிறார்கள். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தினமும் காலையில் ஒரு பெரியவர் வருவார். அவருக்கும் கம்பெனிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வந்ததும் சலாம் சொல்வார், தோளிலிருந்து ரைஃபிளை இறக்கி என் டைப்ரைட்டருக்குப் பக்கத்தில் படுக்க வைப்பார், இரண்டு கிளாஸ் தேநீர் குடிப்பார், போய்விடுவார். முதல் நாள் குழாயின் வாய் என் வயிற்றைப் பார்த்தபடி இருந்தது. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினேன். மனிதர் கண்ணியமானவர். என் சங்கடத்தைப் புரிந்துகொண்டு துப்பாக்கியை மரியாதையோடு திருப்பி வைத்தார். அதன்பின் அது தேநீர் போடும் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு இது வேடிக்கை. எனக்கு இது மதமாற்றம் மாதிரி. உதகமண்டலம் கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கி உரிமப் பிரிவிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. அங்கே ஒருவர் தன் துப்பாக்கியை இந்த மாதிரி மேசையில் வைத்திருந்தால், அவர் வெளியே போவதற்குள் மூன்று பிரிவுகளில் குற்றக் குறிப்பு தயாராகியிருக்கும். தோட்டா வாங்கக் கணக்கு, வாங்கிய தோட்டாவைச் சுடக் கணக்கு, சுட்ட தோட்டாவின் கூட்டைக் காட்டக் கணக்கு. எஸ்டேட் துரைகள் போனபின் வந்த நம்மூர் துரைகளும் என் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றார்கள். ஓய்வு பெற்றபின் மகன் என்னைத் துபாய்க்கு அழைத்தான். கராமா பக்கம் அவன் குடியிருப்பில் இரண்டு மாதம் பால்கனியில் உட்கார்ந்து கட்டடங்கள் முளைப்பதை எண்ணிவிட்டு, பொறுக்கமுடியாமல் இந்தக் கட்டுமானக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன்.

எங்கள் முதலாளியை எல்லோரும் அபு ராஷித் என்பார்கள். பம்பாயில் இளமையில் முத்து வியாபாரம் செய்தவர். அதனால் இந்தி பேசுவார். தமிழ்நாட்டில் போராடிப் படிக்காமல் தப்பித்த இந்தியை நான் ஓய்வூதிய வயதில் இந்த அரபியிடம் கற்றுக்கொண்டேன். மலையடிவாரத்தில் அவருக்கு வேலி போட்ட பெரிய நிலம் ஒன்று இருக்கிறது. அதில் மான் வளர்க்கிறார். நம் புள்ளிமான், கடமான் மாதிரியில்லை. ஆட்டுக்குட்டி உயரம், மணல் நிறம், தீக்குச்சிக் கால்கள். வேலிக்கு வெளியே இந்த மான் கிட்டத்தட்ட இல்லை. லேண்ட்ரோவர் வந்தது, தானியங்கித் துப்பாக்கி வந்தது, சமவெளி காலியாகிவிட்டது. வேலிக்கு உள்ளேயோ அது பெருகிக்கொண்டே போகிறது, மேய்ச்சல் போதவில்லை. ஆகவே குளிர்காலத்தில் சில நாட்கள் முதலாளி ஒரு தனி வேட்டைக் காலம் அறிவிப்பார், விருந்தினர்கள் வருவார்கள், கூட்டம் குறையும்.

நான் சேர்வதற்கு முந்தைய குளிர்காலத்தில் நடந்ததை எனக்குச் சொன்னவர் கேப்டன். ஆங்கிலேயர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கள் கம்பெனி வண்டிகளையும் தளவாடங்களையும் பார்த்துக்கொள்கிறவர். விருந்தினர்களில் சில இளைஞர்கள் வண்டியின் மேல் நின்றுகொண்டு தானியங்கித் துப்பாக்கியால் மந்தைக்குள் குண்டுகளைத் தண்ணீர் பாய்ச்சுவதுபோல் பாய்ச்சியிருக்கிறார்கள். ஓடிய மான்கள் வேலியில் போய் மோதி ஒன்றின்மேல் ஒன்று குவிந்தன. குவியலுக்குள் மேலும் சுட்டார்கள். அடியில் கிடந்தவை குண்டு படாமலே நசுங்கிச் செத்தன. குடல் சரிந்த ஒரு பெட்டை தன் குடலையே மிதித்து மிதித்து ஓடியதாம். கறியில் பாதி எதற்கும் உதவவில்லை, புதைத்துவிட்டார்கள். கேப்டன் இதைச் சொல்லும்போது போர் பார்த்த அந்த முகத்தில் ஒரு அருவருப்பு இருந்தது. "இது வேட்டை இல்லை, துணி துவைப்பது" என்றார். ஏன் துணி துவைப்பது என்றாரோ தெரியவில்லை. வெள்ளைக்காரர்களின் உவமைகளை நான் எதிர்த்துக் கேள்வி கேட்பதில்லை.

முதலாளிக்கும் வருத்தம்தான். கறி வீணானது ஒன்று, மேன்மைக்குக் குறைவு இன்னொன்று. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். "நீ இந்தியாவில் துப்பாக்கி ஆபீஸில் இருந்தாயாமே. கித்னா மாரா?" எத்தனை சுட்டாய் என்று கேட்கிறார்.

"ஒன்றும் சுட்டதில்லை சேட். மற்றவர்களைச் சுடவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை."

அவர் வயிறு குலுங்கச் சிரித்துப் பக்கத்திலிருந்தவர்களுக்கும் அரபியில் சொன்னார். அவர்களும் சிரித்தார்கள். நான் சொன்னது நகைச்சுவை என்று அந்தச் சபை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஓய்வூதியம் வாங்குகிறவன் தன் வாழ்நாள் பணி நகைச்சுவையாக ஏற்கப்படுவதைப் பார்க்க விமானம் ஏறி வரவேண்டியிருந்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வருடம் எந்தத் துப்பாக்கி வரலாம், எது வரக்கூடாது, எழுது" என்றார்.

எனக்கு இறக்கை முளைத்த மாதிரி இருந்தது. அன்றே உட்கார்ந்து எழுதினேன். நீலகிரி வேட்டை விதிகள் எனக்கு மனப்பாடம். முதல் விதி, கொம்புள்ள மானை மட்டும் சுடலாம். அங்கே அது பெட்டையைக் காப்பாற்றும் விதி. கேப்டன் படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தார். "அருமை. ஆனால் இங்கே பெட்டைக்கும் கொம்பு உண்டு" என்றார். ஆகவே முதல் விதி ஒரு பெட்டையையும் காப்பாற்றாது என்பதை ஒப்புக்கொண்டு அதைக் கோடிட்டு அடித்துவிட்டேன். வண்டியிலிருந்து சுடக்கூடாது என்பது நின்றது. தானியங்கி கூடாது என்பது நின்றது. மீதிதான் சிக்கல். ரைஃபிளா, ரவைத் துப்பாக்கியா?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ரைஃபிளில் ஒரே குண்டு. சரியான இடத்தில் பட்டால் மான் விழுந்த இடத்திலேயே முடிந்துவிடும். ரவைத் துப்பாக்கியில் ஒரு தோட்டாவுக்குள் பட்டாணி அளவு ஈயக் குண்டுகள் பல. அவை விரிந்துகொண்டே போகும். கிட்டத்தில் கொல்லும், தூரத்தில் காயப்படுத்தும். நீலகிரியில் கடமானுக்கு ரவைத் துப்பாக்கி கூடாது என்பதில் நாங்கள் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு முறை தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் சாக்கடையில் ஒரு கடமான் கிடந்தது. யாரோ எப்போதோ ரவையால் சுட்டுவிட்டுத் தேடாமல் போயிருக்கிறார்கள். பின்னங்கால் இரண்டும் அசையவில்லை. விலாவில் ஓட்டைகள், ஓட்டைகளில் புழு. தோட்டத்து ஜனங்கள் அது சாகட்டும் என்று காத்திருந்தார்கள், அது சாகவில்லை. ரேஞ்சர் வந்து சுட்டபோதுதான் அதன் கண் மூடியது. அந்த அறிக்கையை நான்தான் கலெக்டருக்கு மேலனுப்பினேன்.

ஆனால் இங்கே நிலம் வேறு. நீலகிரியில் நீங்கள் எந்தப் பக்கம் சுட்டாலும் பின்னால் ஒரு மலைச்சரிவு இருக்கும். தப்பிய குண்டை மண் வாங்கிக்கொள்ளும். இங்கே கண் முடியும் தூரம்வரை சரளைத் தரை, மேசை மாதிரி. ரைஃபிள் குண்டு மைல் கணக்கில் போகும், கல்லில் பட்டால் திசை மாறியும் போகும். எதிரே மான் மட்டும் இருந்தால் பரவாயில்லை. ஆட்களும் இருப்பார்கள். அதுதான் இந்த ஊர் வழக்கம். அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சுட்டால் போதும் என்கிறவர்கள் உண்டு, ஆனால் எங்கள் முதலாளி வீட்டில் உயிரிருக்கும்போது கத்தி படாத கறி அடுப்பேறாது. ஆகவே மான் விழுந்தவுடன் ஆள் ஓடவேண்டும். ஒருவர் துடிக்கிற காலைப் பிடிக்க, ஒருவர் கழுத்தில் கத்தி வைக்கவேண்டும். நீலகிரியில் சுட்டபின் ஒரு சிகரெட் குடித்து முடிக்கும்வரை யாரும் மானை நெருங்கக்கூடாது என்பது விதி. இங்கே சிகரெட்டைப் பற்றவைக்கவே நேரம் கிடையாது.

முதலாளியின் மஜ்லிஸில், விருந்தினரை உட்கார வைக்கும் கூடத்தில், நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். கேப்டன், ரைஃபிள்தான் என்றார். "என் நாட்டில் மானை ரவையால் சுடுகிறவனை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். ஒரே குண்டு, சுத்தமான சாவு."

முதலாளிக்கு அதை நான் இந்தியில் சொன்னேன். அவர் தாடியைத் தடவினார். "சுத்தமான சாவு நல்லதுதான். ஆனால் செத்துவிட்டால் கான் என்ன செய்வான்? கத்தியோடு ஓடிப்போய் ஃபாத்திஹா ஓதுவானா?" கான் என்பவர் எங்கள் டிரைவர், பட்டாணியர். கத்தி அவர் கையில்தான்.

நான் சொன்னேன்: ஓடுகிற ஆட்கள் இருக்கும்வரை ரைஃபிள் கூடாது. ரவைத் துப்பாக்கி மட்டும், கிட்டத்திலிருந்து மட்டும். அதில் இன்னொரு வசதியும் உண்டு. அதை நடுவில் மடக்கித் திறந்து முழங்கையில் தொங்கவிடலாம், யார் துப்பாக்கி காலி என்று தூரத்திலிருந்தே தெரியும். விசில் ஊதியதும் எல்லாரும் மடக்கவேண்டும். மடக்கியபின் ஆட்கள் ஓடலாம். இல்லையென்றால், துப்பாக்கிகளை முதலில் வாங்கி வைத்துவிட்டு ஆட்களை அனுப்பலாம் என்றேன்.

"அதற்குள் மான் செத்துவிடும்" என்றார் முதலாளி. அதோடு அந்த யோசனை முடிந்தது. ரவைத் துப்பாக்கி என்று முடிவானது. அவருக்கு வேண்டியது கத்திக்குக் காத்திருக்கும் மான், எனக்கு வேண்டியது குண்டு தாண்டாத தூரம். இரண்டு பேருக்கும் ஒரே துப்பாக்கி பொருந்தியது. கேப்டன், "நாம் காட்டுமிராண்டிகள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு இன்னொரு பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டார்.

நான் ஏன் அவ்வளவு பிடிவாதம் பிடித்தேன் என்றால், எனக்கு ஒரு புல்லறுக்கும் பெண்ணைத் தெரியும். தெரியும் என்பது கோப்பில். குன்னூர் மலைச்சரிவில் உண்ணிப்புதருக்குள் குனிந்திருந்தவளை ஒரு கனவான் கடமான் என்று நினைத்துச் சுட்டார். ரைஃபிள். முதுகில் விரல் நுழையும் ஓட்டை, முன்பக்கம் நெஞ்சே இல்லை. கூடப் போனவர்கள் அவளை அவள் அறுத்த புல்லின்மேலேயே வைத்துத் தூக்கி வந்தார்கள். விசாரணையில் அவள் கறுப்புச் சேலை கட்டியிருந்தது குறிப்பிடப்பட்டது, ஏதோ அவள்பேரில் குற்றம்போல. முடிவு, வேட்டை விபத்து. துப்பாக்கியை உரியவரிடம் ஒப்படைத்து ஒப்புகை வாங்கும் வேலை என்னிடம் வந்தது. அவர் கையெழுத்துப் போடும்போது, அடிக்கட்டையில் கீறல் விழுந்திருக்கிறதே என்று வருத்தப்பட்டார்.

இங்கே ஓடப் போகிறவர்கள் எங்கள் கேம்ப் ஆட்கள். அவர்களில் ஒருவன் சீனி. முதுகுளத்தூர்ப் பக்கம். கொத்தனாருக்கு ஹெல்பர் என்று எடுத்து வந்தார்கள். ஊரில் ஆடு வளர்த்தவன், துடிக்கிற விலங்கைப் பிடிக்கத் தெரியும் என்று எவனோ சொல்லிவிட்டான். போன குளிர்காலத்திலும் அவன்தான் ஓடியிருக்கிறான். சைட்டுக்கு நான் போயிருந்தபோது கம்பிக் கட்டின்மேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பீடியைப் பின்னால் மறைத்துக்கொண்டு எழுந்தான்.

"என்ன சார், மானுக்குச் சட்டம் எழுதுறீங்களாம்ல. கேம்ப் பூராம் இதே பேச்சு."

"ஆமாம்ப்பா."

"அதுல எங்களுக்கு ஏதாச்சும் இருக்கா சார், இல்ல பூராம் மானுக்குத்தானா?"

ரைஃபிள் கிடையாது, விசில் ஊதினால் எல்லாரும் துப்பாக்கியை மடக்குவார்கள், அதன்பின் ஓடினால் போதும் என்று விளக்கினேன். அவன் கவனமாகக் கேட்டான்.

"போன வருசம் காதுக்குப் பக்கத்துல உய்யினு போச்சு சார். நான் வண்டுன்னு நெனச்சேன். கான் பாய்தான் படுரா படுராங்கறாரு. நான் மானு காலை விட்டாத்தான படுக்க முடியும்? விட்டா நம்மள ஏசுவாக." சிரித்தான். "வர மாட்டேன்னு சொல்லிறலாமா சார்?"

"சொல்லலாம். என்ன செய்வார்கள் தெரியுமா?"

"விசாவக் கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்திருவாக. தெரியும் சார். சும்மா கேட்டேன்." பீடியை முன்னால் எடுத்து அணைந்துவிட்டதா என்று பார்த்தான். "நீங்க விசிலை நல்லாச் சத்தமா ஊதுங்க. அம்புட்டுத்தேன்."

வேட்டை நாள் காலையில் நுழைவாயிலில் எனக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். விருந்தினர் கொண்டுவரும் ரைஃபிள்களை நான் வாங்கி, பெயர்ச்சீட்டு கட்டி, மாலையில் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு. கலெக்டர் அலுவலகத்தில் தேர்தல் சமயங்களில் இப்படித்தான் வாங்கி வைப்போம். முதலில் வந்த இரண்டு இளைஞர்கள் விளையாட்டாக நினைத்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் மலைப்பக்கத்துப் பெரிய மனிதர். வெண்தாடி, இடுப்பில் வளைந்த கத்தி, கையில் புத்தம்புதிய ரைஃபிள். நான் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டினேன். அவர் தன் கையை என் கையில் வைத்துக் குலுக்கினார். நான் துப்பாக்கியைக் காட்டினேன். அவர் அதை உயர்த்தி எனக்கு நன்றாகக் காட்டினார், நான் ரசிக்கவேண்டுமென்று. மூன்றாவது முறை நான் அதன்மேல் கை வைத்தபோதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த முகம் மாறியதை நான் மறக்கமாட்டேன். அவருடைய ஆட்கள் வண்டியிலிருந்து இறங்கினார்கள்.

கேப்டன் ஓடிவந்து என்னைப் பின்னால் இழுத்தார். "விருந்தாளியின் துப்பாக்கியைக் கேட்டால், உன்னை எதிரியாக நினைக்கிறேன் என்று அர்த்தம். இங்கே இதற்காக ஆட்கள் செத்திருக்கிறார்கள்."

நான் முதலாளியிடம் போனேன். என் இந்தி அன்று நன்றாக வந்தது. கோபத்தில் எனக்கு எல்லா மொழியும் வரும். "சேட், அந்த ரைஃபிள் உள்ளே போனால் என் ஆட்கள் ஓடமாட்டார்கள். நான் விசில் ஊதமாட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்."

என் ஆட்கள் என்று சொன்னேன். அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. உத்தியோகத்தில் இருந்தவரை எனக்கு ஆட்கள் என்று யாரும் இருந்ததில்லை, கோப்புகள்தான்.

முதலாளி என்னை முறைத்தார். பிறகு கூடாரத்துக்குள் போய்த் தன்னுடைய இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் சொல்லிச் செய்தது, பக்கத்தில் வெள்ளி வேலைப்பாடு, ரவைத் துப்பாக்கி. அந்த மலைப்பக்கத்துக் கிழவர் முன் போய் இரண்டு கையாலும் அதை நீட்டி ஏதோ சொன்னார். பரிசு. கிழவர் மார்பில் கை வைத்தார், மறுத்தார், மறுபடி மறுத்தார், வாங்கிக்கொண்டார். கொடுத்தவரின் கண் முன்னால் பரிசைப் பயன்படுத்தாமலிருப்பது மரியாதையில்லை. தன் ரைஃபிளைத் தானாகவே வண்டிக்குள் அனுப்பிவிட்டார். என் பெயர்ச்சீட்டுகள் காற்றில் பறந்துகொண்டிருந்தன. துப்பாக்கியை வாங்க முப்பது வகை நடைமுறை எனக்குத் தெரியும், துப்பாக்கியைக் கொடுத்து வாங்கும் முறை அதில் இல்லை.

கம்பளங்கள் விரித்து விருந்தினர்கள் வரிசையாக நின்றார்கள். லேண்ட்ரோவர்கள் வேலியோரமாக மந்தையை ஓட்டி வந்தன. முதலில் தூசி, பிறகு அந்தத் தூசிக்குள் நூற்றுக்கணக்கான சின்னக் குளம்புகளின் சத்தம், மழை வருவதுபோல். கிட்டத்தில் வந்ததும் எல்லாத் துப்பாக்கிகளும் ஒன்றாக வெடித்தன. முன்னால் வந்தவை முழங்கால் மடிந்து தலைகுப்புற விழுந்தன, பின்னால் வந்தவை அவற்றின்மேல் தாவின, தாவும்போதே காற்றில் அடிபட்டுத் திரும்பி விழுந்தன. ஒன்று முகத்தின் கீழ்ப்பாதி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது, எங்கே போவதென்று தெரியாமல். ஒரு குட்டி, விழுந்த தாயின் வயிற்றில் முட்டிக்கொண்டிருந்தது. ரத்தம் அந்தச் சரளையில் ஊறவில்லை, ஓடியது. கதறுமென்று நினைத்திருந்தேன், கதறவில்லை. மூச்சுத்தான் கேட்டது, துருத்தி மாதிரி.

விசிலை ஊதினேன். என் நெஞ்சில் இருந்த காற்று அத்தனையும் அதில் போனது. துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. கிழவருடையதும் மடங்கியது, நான் பார்த்தேன். சீனியும் கானும் மற்றவர்களும் ஓடினார்கள். ஒவ்வொரு மானாகப் புரட்டி, காலைப் பிடித்து, பிஸ்மில்லா, கத்தி. அடுத்தது. பிஸ்மில்லா, கத்தி. சீனி முழங்கைவரை சிவப்பாக இருந்தான். அப்போது செத்ததென்று விட்ட கிடா ஒன்று எழுந்தது. ஒரு காலை இழுத்துக்கொண்டு நேரே கம்பளத்தைப் பார்த்துப் பாய்ந்தது. பரிசாக வாங்கிய புதுத் துப்பாக்கி, கண் முன்னால் ஓடும் கிடா, கொடுத்தவர் பக்கத்தில். கிழவர் தோட்டாவைப் போட்டு மூடியதை நான் கண்டேன். மறுபடி விசில் ஊத நெஞ்சில் காற்று சேரவில்லை. வெடித்தது. கிடா விழுந்தது. அதற்கு அப்பால், இன்னொரு மானின் பின்னங்கால்களைப் பிடித்துக் குனிந்திருந்த சீனி, யாரோ பின்னால் தட்டிக் கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தான். கையிலிருந்த கால்களை மட்டும் அவன் விடவில்லை.

கான் முதலில் மானை அறுத்து முடித்தார். அதன்பிறகுதான் சீனியைப் பார்த்தார். குறை சொல்லமுடியாது. மானுக்குத்தான் நேரம் குறைவாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் கால்சராய் இடுப்பிலிருந்து முழங்கால்வரை நனைந்திருந்தது. எது மான் ரத்தம், எது அவனுடையதென்று தெரியவில்லை. "விசில் கேட்டுச்சு சார்" என்றான் என்னிடம், எனக்கு ஆறுதல் சொல்வதுபோல். "நல்லாத்தான் ஊதுனீங்க." கேப்டன் தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் சொன்னதுதான் சரி. ரைஃபிளாக இருந்திருந்தால் இவன் இப்போது பேசிக்கொண்டிருக்கமாட்டான்" என்றார். வஞ்சனையில்லாத பாராட்டு. என் குறிப்புரை ஒன்றை மேலதிகாரி அப்படியே ஏற்றுக்கொண்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சாட்சியம் கீழே கிடந்து முனகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மானை எதனால் சுடலாம் என்று நாங்கள் அத்தனை நாள் பேசவேயில்லை. சீனியை எதனால் சுடலாம் என்றுதான் பேசியிருக்கிறோம். கேப்டன் அவன் சாகிற துப்பாக்கியைச் சொன்னார், நான் அவன் சாகாத துப்பாக்கியைச் சொன்னேன். ஆளே ஓடக்கூடாது என்று நாங்கள் யாரும் எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் எகிப்து டாக்டர் சில குண்டுகளை எடுத்தார். இடுப்பெலும்பை ஒட்டிய இரண்டை எடுத்தால் நடை போய்விடும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மூன்றாம் நாள் முதலாளி வந்தார். கூடை நிறைய ஆரஞ்சு, ஒரு பாத்திரத்தில் சோறும் மான் தொடையும். கிழவர் கொடுத்தனுப்பிய ஒரு கம்பளியும் வந்தது. முதலாளி உண்மையாகவே கலங்கியிருந்தார். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சீனியின் நெற்றியில் கை வைத்தார். "என்ன வேண்டுமென்று கேட்கச் சொல்" என்றார் என்னிடம்.

சீனி அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். "சார், ஊருக்கு அனுப்பிற வேணாம்னு சொல்லுங்க."

"நஷ்ட ஈடு கேட்கலாம்ப்பா. நான் எழுதித் தருகிறேன். எனக்குத் தெரியும், எப்படி எழுத வேண்டுமென்று..."

"அதெல்லாம் வேணாம் சார். நொண்டிக்கிட்டுப் போயி நிண்டா வீட்டுல என்னன்னு சொல்லுவேன்? மான் வேட்டையில சுட்டாகன்னா எவன் நம்புவான்? மான்குட்டியத் திருடப் போயிருப்பாம்பாக. சாரத்துல இருந்து விழுந்துட்டேன்னு லெட்டர் போட்டுட்டேன். வேலை இருந்தாப் போதும்னு சொல்லுங்க."

நான் சொன்னேன். முதலாளி பெருமூச்சு விட்டார். இவ்வளவுதானா என்பதுபோல் கையை விரித்தார். "மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையுமில்லை. இவன் இனி சைட்டுக்குப் போகவேண்டாம். என் மான்களைப் பார்த்துக்கொள்ளட்டும்." அதைவிடப் பெரிய மரியாதை அவரால் செய்திருக்க முடியாது. அவர் மனதறிந்துதான் செய்தார். பெரும்பாலான கம்பெனிகளில் அடிபட்டவன் கட்டு அவிழ்ப்பதற்கு முன் விமானத்தில் இருப்பான். சீனி எழுந்து உட்கார முயன்று கும்பிட்டான். பிறகு அந்தத் தொடைக்கறியைத் தின்றான். நன்றாக இருக்கிறதா என்று கேட்டேன். "நம்மூரு வெள்ளாட்டங்கறி மாதிரி இல்ல சார். ஆனா இம்புட்டுச் செலவழிச்சுத் தின்னது இல்ல."

இப்போது மறுபடி குளிர்காலம். போன வாரம் முதலாளி என்னை வேலி நிலத்துக்கு அழைத்துப் போனார். விதிகளைத் திருத்தச் சொல்கிறார். இந்த முறை விசிலுக்குப் பதில் ஆலைச் சங்கு வைக்கலாமா என்று கேட்கிறார். துப்பாக்கிகளை வாங்கி வைத்தபின்தான் ஆள் போகவேண்டும் என்று முதல் வரியாக எழுதிக் கொடுத்தேன். சிரித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அது எந்தச் சிரிப்பு என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

சீனி தீவனத் தொட்டிகளுக்கு நடுவில் இருந்தான். மான்கள் அவனைச் சுற்றி நின்றன. யாருக்கும் கிட்டே வராத மான்கள் அவன் உள்ளங்கையில் மூக்கை வைக்கின்றன. ஊரில் ஆட்டைக் கூப்பிடுவதுபோல் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுக்கிறான், ஓடி வருகின்றன. "இந்த வருசம் எந்தத் துப்பாக்கி சார்?" என்று தூரத்திலிருந்தே கத்தினான். கான் சிரித்தார். நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

ஊருக்கு லீவில் போகவில்லையா என்று கேட்டேன். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்பு அலமாரியில் இருக்கிறது, வேட்டை முடிந்தபின் கேட்க வேண்டும் என்றான். பேசிக்கொண்டே, பழக்கத்தில், இடுப்பை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்துக்கொண்டான். குளிர் நாளில் அந்த இடம் குடையும். அவனுடைய ஊர் அவர்களின் அலமாரிக்குள் இருக்கிறது, அவர்களுடைய ஈயம் அவன் இடுப்புக்குள் இருக்கிறது. இரு தரப்பும் இவற்றைத் திருப்பிக் கொடுத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த நடைமுறை எதுவும் இல்லை. ஒரு கிடா அவன் கையிலிருந்த தீவனம் தீர்ந்தபின்னும் போகாமல், இடுப்பை அழுத்தியிருந்த அந்த விரல்களை நக்கிக்கொண்டிருந்தது.